வார்த்த தகடும் தோட்டத்துத் தமிழனும்

ஒருவரை நேரிற் காணுமுன்னரே அவரினத்தைப் பற்றி மனத்தில் உறைந்து கிடக்கும் எண்ணத்தை ஆங்கிலேயர் ‘ஸ்டீரியோடைப்’ என்பர். இச்சொல் அச்சுக்கூடத்திற் பிறந்தது. கோத்த பக்கத்தின்மீது சுண்ணச் சாந்தையோ காகிதக் கூழையோ அழுத்திப் படிவமெடுத்து, அதில் உருக்கிய ஈயத்தை வார்த்தால், பக்கம் முழுவதும் ஒரே தகடாகும். எழுத்துக்களைப் பிரித்துப் பெட்டியிற் போட்டுவிடலாம்; தகடோ பதிப்புக்குப் பதிப்பு உழைக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரத்து அச்சாளர் பிர்மின் திதோ இதற்கு அப்பெயரிட்டார். ‘ஸ்டீரியோ’ என்றால் கிரேக்கத்திற் கெட்டி. மனிதர் எண்ணத்துக்கு இச்சொல்லை ஆண்டு பரப்பியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்ட்டர் லிப்மன். அவரது நூல் வெளிவந்தது 1922இல்.

‘ஒரே மாதிரி’ என்பது மட்டுமே பொருளாயின், ‘அச்சில் வார்த்தாற்போல’ என்னும் நம் தொடரே போதும். வெல்லக் கட்டியைக் கண்டவர்க்கும், உருளையிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டைக் கண்டவர்க்கும் அதனை விளக்க வேண்டா. தகட்டின் குணம் வேறு. கோத்த எழுத்திற் பிழை கண்டால் ஓரெழுத்தைப் பிடுங்கி மற்றொன்றை வைக்கலாம். தகட்டிற் பிழையிருந்தால் வெட்டியெடுத்துப் பற்றவைக்க வேண்டும். அத்தொல்லைக்கு அஞ்சினால் பிழையே நூலாய் நிலைத்துவிடும்.

நம் எழுத்தாளர் பலர் வைத்திருக்கும் தோட்டத்துத் தமிழன் இத்தகைய தகடே. மாலையிற் கள்ளுக்கடை, இரவில் மனைவிக்கு அடி, விடிந்தால் துரை முன் வளைந்த முதுகு. கள்ளினால் விளைந்த கேட்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் இத்தகட்டை முதலில் வார்த்தவர் நம்மவர் அல்லர். பணிந்து போவான், குறைந்த கூலிக்கு இசைவான் என்று கருதியே வெள்ளைத் தோட்ட முதலாளிகள் தென்னிந்தியத் தொழிலாளியை விரும்பி அழைத்தனர். அவர்கள் வார்த்ததில் நம்மவர் மை தடவி அடிக்கின்றனர்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்தது என்ன? ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனருக்கு நிகரான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். பெண்களின் மானத்துக்குக் காவல் கேட்டனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர்! துரை எதிர்ப்பட்டாற் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். மே மாதத்தில் நாதன் கைதானார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அண்மையிற் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில், அக்காலத் தோட்ட வாழ்வைச் சொல்லும் சிறுகதைத் தொகுதி ஒன்றை வாங்கிப் படித்தோம். நடை நன்று. கள்ளுக்கடை நான்கு கதைகளில் வருகின்றது. சைக்கிள் ஒன்றிலேனும் இல்லை.