கேள்விக்கு முழு மதிப்பெண், பதிலுக்குப் பூஜ்யம்

ஏஐ ஏஜென்ட்களுக்கான கருவிகளுக்குத் தரம் போடுவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஏஜென்ட்களோடு கருவிகளை இணைக்கும் எம்சிபி நெறிமுறையை வெளியிட்டதும் கருவிகள் காளான்களாக முளைத்தன. அவற்றின் விளக்கக் குறிப்புகளைச் சலித்துப் பார்த்து மதிப்பெண் சொல்லும் தானியங்கி நடுவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். குதிரைப் பந்தய விலைகளைத் தரும் கருவிகூட இந்த வரிசையில் நின்று முதல் தரம் வாங்கிவிட முடிகிறது. அந்தத் தரம் எதை அளக்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ‘ரேஸ் விவரம் தரும்’ என்று ஒற்றை வரி எழுதிவிட்டுக் கைகழுவும் சோம்பல் இந்த மதிப்பீடுகளால் குறைந்திருக்கிறது. எந்தக் கருவி விலையைக் காட்டுவதோடு நிற்கும், எது பணத்தைக் கட்டியே விடும் என்று பிரித்துச் சொல்லும் பழக்கமும் வந்திருக்கிறது. சூதாட்டத்தில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் நடுவர்களின் கண் கேள்விப் பக்கத்தைத் தாண்டுவதே இல்லை. தேதியை எந்த வடிவில் கொடுப்பது, மைதானத்தின் பெயர் கட்டாயமா, எந்தச் சந்தர்ப்பத்தில் இந்தக் கருவியைக் கூப்பிடுவது: இவையெல்லாம் எழுதியிருந்தால் போதும், மதிப்பெண் கொட்டுகிறது. திரும்பி வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்று எழுதியிருக்கிறதா என்பதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. இதற்கு நெறிமுறையே இடம் கொடுத்தது. உள்ளீட்டின் அமைப்பைச் சொல்வது அதில் கட்டாயம். வெளியீட்டின் அமைப்பைச் சொல்லும் வசதி 2025 ஜூன் பதிப்பில்தான் சேர்ந்தது, அதுவும் விரும்பினால் மட்டும். கட்டாயமானதைச் சரிபார்ப்பது சுலபம். நடுவர்கள் சுலபமானதைச் சரிபார்க்கிறார்கள்.

பிரிட்டனில் ஓடும் ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரையின் விலை 6.0 என்கிறது கருவி. அதாவது ஒன்றுக்கு ஐந்து. பத்து பவுண்டு கட்டி ஜெயித்தால் லாபம் 50 பவுண்டு என்று ஏஜென்ட் தயங்காமல் எழுதும். அந்த விலையில் புக்கியிடம் பணம் கட்டிய பிறகு, ஒன்றுக்கு இரண்டில் இருந்த ஃபேவரிட் ஓடாமல் விலகுகிறது என்று வையுங்கள். டாட்டர்சால்ஸ் நான்காம் விதிப்படி லாபத்தில் பவுண்டுக்கு 30 பென்ஸ் பிடித்துக்கொள்வார்கள். லாபமாகக் கைக்கு வருவது 35 பவுண்டுதான். விலகலுக்குப் பிறகு புதிதாகப் போடும் விலைக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. ஆக, 6.0 எப்போது எடுத்த விலை என்று தெரியாதவரை அதை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது.

பந்தயம் கட்டும் சந்தையான பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்சின் ஏபிஐயைப் பாருங்கள். தாமதத் தரவுக்கான சாவியைப் போட்டால் விலைகள் 1 முதல் 180 விநாடிவரை பழசாக வரும். நேரலைச் சாவியைப் போட்டாலும் அழைப்பு அதேதான், பதிலின் வடிவமும் ஏறக்குறைய அதேதான். பெட்ஃபேர் இதை மறைக்கவில்லை. தரவு தாமதமானதா என்று ஆம், இல்லை சொல்லும் ஒரு புலம் பதிலிலேயே இருக்கிறது. இதன்மேல் ஏஜென்டுக்காக ஓர் உறை போடுகிறவர் ‘சுருக்கமாக இருக்கட்டுமே’ என்று அந்தப் புலத்தை வெட்டிவிட்டால் என்ன ஆகும்? விளக்கக் குறிப்பின் மதிப்பெண்ணில் கீறல்கூட விழாது. பந்தயம் தொடங்கும் முன் விலைகள் துள்ளுகிற கடைசி மூன்று நிமிடத்தை மொத்தமாகத் தின்றுவிடக்கூடிய தாமதம் அது.

நேரமும் அப்படித்தான். ஏப்ரலில் பிரிட்டன் நேரப்படி மாலை 4 மணிக்குத் தொடங்கும் கிராண்ட் நேஷனல் பந்தயம், யுடிசி கணக்கில் 15:00 என்று வரும். எந்த நேரக் கணக்கு என்று கருவி சொல்லாவிட்டால், ஓடாத பந்தயத்தை முடிந்துபோனதாக ஏஜென்ட் சொல்லும்.

‘மாடல்கள் இப்போது புத்திசாலிகள், ஊகித்துக்கொள்ளும்’ என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். எதைக்கொண்டு ஊகிப்பது? விலையைப் பார்த்ததுமே ‘இது காலையில் போட்டதாச்சே’ என்று முகம் சுளிக்கும் பழைய ரேஸ்காரருக்கு மைதானம் தெரியும், புக்கியைத் தெரியும், அன்றைய மழை தெரியும். ஏஜென்டுக்குத் தெரிந்ததெல்லாம் கருவி சொன்னதுதான். கருவி சொல்லாத இடத்தை அது சந்தேகத்தால் நிரப்புவதில்லை, சரளமான வாக்கியத்தால் நிரப்புகிறது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பல கருவிகள் இருக்கும்போது, தெளிவான விளக்கம் உள்ளதைத்தான் ஏஜென்ட் தேடிப் போகும். எனவே இந்த மதிப்பெண்கள் வெறும் அலங்காரமல்ல. கேட்கும் விதத்தை அழகாகச் சொல்லி, பதிலின் பொருளை விழுங்கிவிட்ட கருவியிடம் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஒற்றை வரி விளக்கத்தோடு கிடந்த பழைய கருவியையாவது யாரும் நம்பவில்லை.

மதிப்பிடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால் மூன்று கேள்விகளோடு தொடங்குவேன். இந்த விலை எப்போது, எங்கிருந்து எடுத்தது? விலகிய குதிரை பட்டியலில் எப்படித் தெரியும்? விலை காலியாக வந்தால் சந்தை திறக்கவில்லை என்று பொருளா, தரவு கிடைக்கவில்லை என்று பொருளா? இவற்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் பூஜ்யம்தான், மற்ற கட்டங்களில் எல்லாம் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் சரி.