வினாவும் நகையும்: பிரித்தானியச் செய்திப் புதிர்ப்போட்டி ஒன்றின் வரலாறும் நன்னூலார் கூறும் விடைவகையும்

முன்னுரை

புதிர்ப்போட்டி நம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதியதன்று. ஒரு வினா, அதற்கு ஒரு விடை, சரியான விடைக்குப் புள்ளி என்பதே அதன் அமைப்பு. நன்னூலார் வகுத்த அறுவகை வினாக்களுள் இஃது அறிவினாவைச் சாரும். வினவுவோர் விடையை அறிந்தே வினவுகிறார். பிரித்தானியாவின் பிபிசி தொலைக்காட்சியில் 1990 முதல் இடம்பெற்றுவரும் 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' எனும் செய்திப் புதிர்ப்போட்டியும் அறிவினாவையே கையாள்கிறது. ஆயின் விடையின் இயல்பை அது பெரிதும் மாற்றியுள்ளது. அம்மாற்றத்தின் நன்மையையும் தீமையையும் நம் இலக்கணத்தின் துணைகொண்டு மதிப்பிடுவது ஈண்டு நம் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

செய்தியை வினாவாக்கும் மரபு பிபிசி வானொலியில் 1977-இலேயே 'தி நியூஸ் குவிஸ்' எனும் நிகழ்ச்சியால் நிலைபெற்றது. அதனைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப விரித்தெடுத்த வடிவமாக நாம் ஆராயும் நிகழ்ச்சியைக் கருதலாம். 1990 செப்டம்பரில் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிய இது, 2000-இல் முதல் அலைவரிசைக்கு மாறியது. 'பிரைவட் ஐ' எனும் அங்கத இதழின் ஆசிரியர் இயன் ஹிஸ்லாப் ஓர் அணிக்கும், நகைச்சுவையாளர் பால் மெர்ட்டன் மற்றோர் அணிக்கும் தலைவர்கள். வாரத்தின் செய்திகளை ஒட்டி வினாக்கள் எழுப்பப்படும். புள்ளிகள் வழங்கப்பட்டாலும் எவரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

இதன் வரலாற்றில் இரு நிகழ்வுகள் சிறப்பாகக் கருதத்தக்கவை. 1993-இல் தொழிற்கட்சி அரசியலாளர் ரோய் ஹேட்டர்ஸ்லி மூன்றாம் முறையாக வர இயலாதென அறிவித்தபோது, அவருக்குரிய இருக்கையில் பன்றிக்கொழுப்பு டப்பா ஒன்று வைக்கப்பட்டு, அதுவே விருந்தினராக அறிவிக்கப்பட்டது. 2002-இல் நிகழ்ச்சித் தலைவர் ஆங்கஸ் டேய்ட்டனின் தனிவாழ்வு நாளிதழ்ச் செய்தியானது. அவ்வாண்டு அவர் நீக்கப்பட்டார். வினவுவோரே வினாப்பொருளாகிவிட்டால் அவ்விருக்கைக்குரிய தகுதி நிலைப்பதில்லை என்பதை இது காட்டிற்று. அதன்பின் வாரந்தோறும் விருந்தினர் ஒருவர் தலைமையேற்கும் முறை வந்தது.

விடையின் இலக்கணம்

நன்னூலார் விடையை எட்டாக வகுப்பார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் மறைமுகமானவை. 'ஆடுவாயா?' என்பதற்குக் 'கால் வலிக்கும்' எனக் கூறுவது உறுவது கூறல் என்பதை நாம் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். இவ்வைந்தும் விடையென ஏற்கப்படுவதற்குக் காரணம் ஒன்றே: வினவிய பொருளை அவை எவ்வகையிலேனும் உணர்த்துகின்றன. உணர்த்தாதது செப்புவழுவாகும்.

நாம் ஆராயும் நிகழ்ச்சியின் நகை பெரும்பாலும் இம்மறைமுக விடைகளிலிருந்தே பிறக்கிறது. அமைச்சர் ஒருவரின் செயல்பற்றி வினவினால், ஹிஸ்லாப் எதிர்வினா எழுப்புவார். மெர்ட்டன் வேறொரு கற்பனைக்குத் தாவி இனமொழியாக விடையிறுப்பார். செய்தி மறையாமல், அதன் உட்பொருள் மேலும் துலங்குகிறது. வாராத அரசியலாளரின் இருக்கையில் வைத்த டப்பாவின் மௌனமும் அவ்வகையில் ஒரு விடையே. நகையின் நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்த தொல்காப்பியர்க்கு இது வியப்பளித்திராது.

நகை பொருளை மறைக்கும் இடம்

ஆயினும் இதே அரங்கில் செப்புவழுவும் கைதட்டல் பெற்றதுண்டு. 1998-இல் செய்தியாளராக இருந்த போரிஸ் ஜோன்சன் விருந்தினராக வந்தார். செய்தியாளர் ஒருவரைத் தாக்க எண்ணிய நண்பருடன் அவர் முன்னர் நடத்திய தொலைபேசி உரையாடலை ஹிஸ்லாப் எழுப்பினார். நகைப்பாலும் தடுமாற்றத்தாலும் ஜோன்சன் அதனைக் கடந்தார், அவையோர் நகைத்தனர், வினா விடையின்றி நின்றது. 2002-க்குப் பின் அவரே விருந்தினர் தலைவராகப் பன்முறை அமர்ந்தார். 2008-இல் இலண்டன் மேயராகவும் 2019-இல் பிரதமராகவும் ஆனார்.

நிகழ்ச்சியே அவரை உயர்த்தியது என்பது மிகைக்கூற்று. எனினும் எள்ளலுக்குரியவரே எள்ளலில் பங்குகொள்ளும்போது அதன் கூர்மை மழுங்குகிறது என நாவலாசிரியர் ஜோனதன் கோ 2013-இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த கருத்து புறக்கணிக்கத்தக்கதன்று. நன்னூல் வழி நோக்கின் குறை நகையில் இல்லை. பொருளுணர்த்தாத விடையையும் விடையென ஏற்ற அவையில் உள்ளது.

வகுப்பறைக்குரியது

இந்நிகழ்ச்சியின் 'பொருந்தாததைக் கண்டறிக' எனும் சுற்று தமிழாசிரியர்க்குப் பயன்படும். போர்ட் கிள்ளான் மாணவரிடம் அவ்வூரின் பழம்பெயர் யாதென வினவினால், போர்ட் சுவெட்டன்ஹாம் என்பார். 1972-இல் மாறியது என்றும் கூறலாம். வினா அத்துடன் முடிந்துவிடும். மாறாக, போர்ட் கிள்ளான், தெலுக் இந்தான், கோத்தா கினபாலு, ஜோர்ஜ்டவுன் ஆகிய நான்கனுள் பொருந்தாதது எது என வினவுவோம். காலனியப் பெயரை இன்றும் தாங்கியிருப்பது ஜோர்ஜ்டவுன் என்பார் ஒருவர். சபாவில் உள்ளது கோத்தா கினபாலு மட்டுமே என்பார் இன்னொருவர். கடலோரத்தில் அமையாது பேராக் ஆற்றங்கரையில் அமைந்தது தெலுக் இந்தான் என்பார் மற்றொருவர். மூன்றும் சரியே. விடையைவிடக் காரணமே மதிப்பெண்ணுக்குரியதாகிறது.

முடிவுரை

2024-இல் அமெரிக்காவின் சிஎன்என் அலைவரிசையும் இவ்வடிவத்தை ஏற்றது. தமிழிலும் இத்தகைய நிகழ்ச்சி உருவாகுமாயின் வரவேற்போம். உருவாக்குவோர் முதற்கண் கருதவேண்டியது நகையின் அளவையன்று. நகைத்து முடித்தபின் வினவிய பொருள் விளங்கிற்றா என்பதே அளவுகோல். அவ்வளவுகோல் நம் பாடநூலில் நெடுங்காலமாகவே இருக்கிறது. அதனைத் தேர்வுக்குரிய மனப்பாடமாக மட்டும் நிறுத்திவிட்டோம் என்பதே நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தியாகும்.