பிரக்: திருமணமும் பழுதும்

ரஷ்ய மொழியில் திருமணத்துக்குப் பெயர் பிரக். ஆலையில் தரம் தேறாமல் கழித்துப் போடும் சரக்குக்கும் பிரக் என்றே பெயர். நல்ல காரியத்துக்கு யாராவது பிரக் என்று பெயர் வைப்பார்களா என்று ரஷ்யர்கள் சொலவடையாகவே கேட்பார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதை நம்பி, இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்று எண்ணினால் தவறு. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பிறப்பு வேறு.

திருமணத்தைக் குறிக்கும் பிரக், பழைய சர்ச் ஸ்லாவிய மொழியின் சொல். கானா ஊர்க் கல்யாணத்தை ஸ்லாவிய விவிலியம் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. எடுப்பதைக் குறிக்கும் 'பிரத்' என்ற வினையோடு அறிஞர்கள் இதைச் சேர்க்கிறார்கள். 'அந்த வீட்டில் பெண் எடுத்தோம்' என்று நாம் சொல்வதில்லையா, அதே நினைப்புதான். அந்த வினைக்கும், சுமத்தல், தாங்குதல் என்று பொருள்படும் சமஸ்கிருத தாதுவான 'ப்ரு'வுக்கும் மூலம் ஒன்று. தாங்குகிறவன் பர்த்தா, தாங்கப்படுகிறவள் பாரியை. நம் பழைய கதைகளில் அடிக்கடி வரும் இந்த இரு சொற்களும் மாஸ்கோவின் திருமணச் சொல்லுக்குத் தூரத்து உறவு என்பதை முதலில் அறிந்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை.

பழுதைக் குறிக்கும் பிரக் ஜெர்மனிலிருந்து வந்தது. அங்கே அது கழிவுச் சரக்கு. 'உடை' என்று பொருள்படும் வினையோடு உறவுள்ளது. ரீகா போன்ற பால்டிக் துறைமுகங்களில் மரத்தையும் நாரையும் தரம் பார்த்து, தேறாததை ஒதுக்குவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வணிகர்களோடு சொல்லும் கிழக்கே நகர்ந்தது. போலிஷ் மொழி அதை வாங்கிக்கொண்டது. முதலாம் பீட்டர் காலத்தில் ரஷ்ய எழுத்திலும் அது வந்துவிட்டது.

போன இடமெல்லாம் பொருளும் திரிந்தது. போலந்தில் பிரக் என்றால் இன்மை. நேரமில்லை என்பதற்கு 'பிரக் சசு' என்கிறார்கள். உக்ரைனியரும் இதே வழி. 'நீ இல்லாமல் ஏக்கமாக இருக்கிறது' என்பதை இதிலிருந்து பிறந்த வினையால் சொல்வார்கள். துறைமுகத்தில் கழித்த மரக்கட்டையின் பெயர் பிரிவின் வலியைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. செக் மொழியில் அது தரமற்ற எழுத்து. நாம் மட்டரக நாவல் என்போமே, அது. செர்பியருக்கோ பிரக் என்றால் திருமணம் மட்டும்தான். கழிவுச் சரக்குக்கு இத்தாலியிலிருந்து வந்த 'ஷ்கார்ட்' இருக்கிறது. பல்கேரியர் ரஷ்யரைப் போல இரண்டையும் வைத்திருக்கிறார்கள்.

ஆர்த்தடாக்ஸ் நாடுகளில் திருமணம், கத்தோலிக்க நாடுகளில் பழுது அல்லது இன்மை என்று கோடு கிழித்துவிடத் தோன்றும். பாதி சரி. கத்தோலிக்கரான குரோவாசியரும் திருமணத்தை பிரக் என்றே சொல்வதால் கோடு அங்கே அறுந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. பிரக்கைத் திருமணத்துக்கு ஆளாத போலிஷ் மொழியில், மணம் செய்துகொண்டார்கள் என்பதற்கு 'பொப்ராலி ஷெ' என்பார்கள். உக்ரைனில் 'பொப்ராலிஸ்யா'. ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டார்கள் என்று பொருள். பெயர்ச்சொல் இல்லை, வேர் வினையில் உயிரோடு இருக்கிறது. ஒரு சொல்லைத் தனியே நிறுத்தாமல் அதன் சுற்றத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்தவர்களில் முதன்மையானவர் மாக்ஸ் வாஸ்மர். 1944 ஜனவரியில் பெர்லின் குண்டுவீச்சில் அவருடைய நூலகமும் குறிப்பு அட்டைகளும் அழிந்தன. மீண்டும் தொடங்கினார். அவருடைய ரஷ்யச் சொற்பிறப்பு அகராதி 1950 முதல் 1958 வரை ஹைடல்பெர்க்கில் வெளிவந்தது. ஒலெக் துருபச்சோவ் அதை விரிவாக்கி 1964க்கும் 1973க்கும் இடையில் ரஷ்ய மொழியில் தந்தார். அதில் பிரக் ஒரு பதிவு அல்ல. 1, 2 என்று எண்ணிட்ட இரண்டு தனிப் பதிவுகள்.