குளத்தைப் பார்க்கும் முன் டிரம்மைப் பாருங்கள்

கொல்லையில் மீன்குளம் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால் எல்லோரும் மீனைத்தான் பார்ப்பார்கள். என் கண் ஓரமாக இருந்து தண்ணீரை வடிகட்டும் நீல டிரம்களைத் தேடும். காசு கொடுத்தால் சென்னை கொளத்தூர்க் கடைகளில் எந்த நிறத்து மீனையும் பையில் கட்டித் தருவார்கள். அந்த மீன் ஒரு கோடையைத் தாண்டுமா என்பது டிரம்மைக் கட்டியவர் கையில் இருக்கிறது.

குழி வெட்டுவது பெரிய விஷயமில்லை. பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம் என்றால் சுமார் 5,000 லிட்டர் பிடிக்கும். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற சில்பாலின் ஷீட்டே போதும். கல் குத்தாமல் இருக்க அடியில் மணலும் பழைய சாக்கும். ஷீட்டைத் துளைத்துப் பைப் நுழைக்கும் அந்த ஓரிடத்தில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. நல்ல ஃபிளாஞ்சும் ரப்பர் வாஷரும் போட்டுவிட வேண்டும்.

ரசிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. மோட்டாரைக் குளத்துக்குள் போட்டு, தண்ணீரை டிரம்முக்கு ஏற்றுவது பொதுவான வழக்கம். எளிது, வேலையும் செய்யும். ஆனால் மோட்டாரின் விசிறி மீன் கழிவையெல்லாம் அரைத்துக் கரைத்துவிடுகிறது. அப்படிக் கரைந்ததை எந்த ஸ்பாஞ்சாலும் முழுதாகப் பிடிக்க முடியாது. கைதேர்ந்தவர் டிரம்களைக் குளத்து நீர்மட்டத்துக்கே இறக்கிப் புதைப்பார். குளத்தின் அடியிலிருந்து நாலு அங்குல பிவிசி பைப் வழியே தண்ணீர் தானாக முதல் டிரம்முக்கு வரும். மோட்டார் கடைசி டிரம்மில் கிடந்து, தெளிந்ததை மட்டும் குளத்துக்குத் திருப்பும். நாற்பது வாட் மோட்டார் என்றால் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது.

முதல் டிரம்மில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் நுழையும் வாயில் ஓர் எல்போவை மாட்டிச் சுவரோரமாகத் திருப்பிவிட்டால் போதும், டிரம் முழுக்க மெல்லச் சுழலும். கனமான கழிவு நடுவில் ஒதுங்கி அடியில் படியும். வேகம் கூடினால் படிந்தது மறுபடி கிளம்பிவிடும். விரலை வைத்தால் இழுப்பு தெரிய வேண்டும், எட்ட நின்று பார்த்தால் தெரியக் கூடாது. என் கணக்கில் அதுதான் சரியான சுழற்சி. அடியிலிருந்து பக்கக் குழிக்கு ஒரு வால்வு வைத்து, வாரம் ஒருமுறை திறந்து, இறங்கிய சேற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு வாழைக்கு ஊற்றலாம்.

இரண்டாவது டிரம்மில்தான் உயிர் இருக்கிறது. மீன் விடும் அம்மோனியாவில் பெரும்பங்கு செவுள் வழியாக வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நஞ்சை எந்த வலையாலும் வடிக்க முடியாது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை ஒட்டிக்கொள்ள நிறையப் பரப்பு வேண்டும். இறக்குமதி ஃபில்டர் மேட்டின் விலையைக் கேட்டால் மீனே வேண்டாம் என்று தோன்றிவிடும். நம் ஆட்கள் வெங்காய மூட்டை வலையையும் பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நாரையும் அடைக்கிறார்கள். பாக்டீரியா விலைப்பட்டியல் பார்ப்பதில்லை.

வெள்ளை வெளேரென்று கழுவிய ஃபில்டரைப் பெருமையோடு காட்டுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் அத்தனை பாக்டீரியாவும் போச்சு. குளத்துத் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். நல்ல டிரம்மின் மூடியைத் திறந்தால் ஈரமண் வாசனை வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லாமல் சேறு கட்டிவிட்டது என்று அர்த்தம். மின்வெட்டு பல மணி நேரம் நீடித்தாலும் இதே கதைதான். டிரம்மில் தேங்கியதை வெளியே கொட்டிவிட்டுத்தான் மோட்டாரைப் போட வேண்டும்.

மூன்றாவதில் ஜல்லியும் கல்வாழையும் சேம்பும். மிஞ்சிய நைட்ரேட்டை அவற்றின் வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். கூடவே ஒரு வலைப்பையில் கிளிஞ்சல். பாக்டீரியாவின் வேலையால் தண்ணீர் மெல்லப் புளிப்பேறும்; கிளிஞ்சலின் சுண்ணாம்பு அதைச் சரிக்கட்டும். அங்கிருந்து குளத்துக்குத் திரும்பும் தண்ணீர் ஓரடி உயரத்திலிருந்து விழட்டும். 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரைவதே பெரிய பாடு. நம் கோடையில் அந்தச் சலசலப்பு அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

தெளிவை மட்டும் வைத்துக் குளத்தை மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பளிங்காகத் தெரியும் தண்ணீரில் அம்மோனியா இருக்கலாம். இளம்பச்சைத் தண்ணீரில் மீன் செழிப்பாக வளரலாம். பச்சை பிடிக்காதவர் பாதிக் குளத்துக்கு நிழல்வலை கட்டட்டும்.

புதுக் குளத்தில் பாக்டீரியா நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை ஐந்தாறு கப்பி மீன்களை மட்டும் விட்டு மோட்டாரை ஓடவிடுங்கள். கொசுப்புழுவையும் அவை தின்றுவிடும். கோய் மீன் வாங்கக் கொளத்தூருக்கு அதற்கப்புறம் போகலாம்.