சார்பட்டாவில் சங்கம் எங்கே போச்சு?

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021-இல் அமேசான் பிரைமில் வந்தபோது குத்துச்சண்டையைப் பற்றியும் எமர்ஜென்சியைப் பற்றியும் ஆளாளுக்கு எழுதித் தீர்த்தார்கள். டான்சிங் ரோஸுக்கே தனிப் புத்தகம் போடலாம், அவ்வளவு வந்தாச்சு. எனக்கு உறுத்துறது வேற. கபிலன் மெட்ராஸ் துறைமுகத்துல கூலி வேலை பார்க்கிறவன். கதை நடக்கிறது 1970-களின் நடுவில். அவன் எந்தச் சங்கத்துல இருந்தான்?

வம்புக்குக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் ஒருத்தன் யார் என்பதைத் தீர்மானித்ததே இந்தக் கேள்விதான். அதற்கு முன்னால் கப்பல் வந்தால் மேஸ்திரி வாசலில் நின்று ஆள் பொறுக்குவார். அவர் கண்ணில் பட்டால் கூலி, இல்லாவிட்டால் வீட்டுக்கு. 1948-இல் வந்த துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டமும், அதன் கீழ் 1956-இல் வந்த மெட்ராஸ் திட்டமும் இதை மாற்றின. பதிவேட்டில் பெயர் ஏறினவனுக்கு முறை வைத்து வேலை. வேலை இல்லாத நாளிலும், வந்து நின்றதற்கு ஒரு தொகை உண்டு. இதை நடத்திய டாக் லேபர் போர்டில் அரசு, முதலாளி, சங்கம் மூன்று பேருக்கும் நாற்காலி.

ஆக ராயபுரத்தில் ஒரு வீட்டில் பதிவுபெற்ற துறைமுகத் தொழிலாளி இருக்கிறார் என்றால் பெண் கொடுப்பதிலிருந்து கடன் கிடைப்பது வரை எல்லாம் மாறும். கபிலன் பதிவு பெற்றவனா, காத்திருக்கிறவனா, இன்னும் ஏதோ மேஸ்திரியின் ஆளா? படத்துக்கு அக்கறை இல்லை. அவன் வேலைக்கு மட்டம் போட்டுச் சண்டை பார்க்கப் போவதைக் காட்ட மட்டும்தான் துறைமுகம். பின்னால் சாராயத்தில் விழுகிறபோதும் வேலை என்ன ஆச்சு என்பது அம்மா பாக்கியத்தின் கோபத்தோடு முடிந்துவிடுகிறது.

எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை என்று ஒருத்தர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டிராட்ஸ்கியவாதி. 1946-இல் மெட்ராஸ் லேபர் யூனியனின் தலைவர். அடுத்த வருஷம் பி அண்டு சி மில்லில் சுமார் நூறு நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் காங்கிரஸ் அரசு அவரைப் பிடித்து உள்ளே வைத்தது. பிறகு துறைமுகத் தொழிலாளர் தலைவர். 1957-இல் வடசென்னைத் தொகுதியின் எம்.பி. சினிமாக்காரர்கள் தேடுகிற எல்லாமும் அந்த வாழ்க்கையில் இருக்கிறது. ஆனால் நம்ம வடசென்னைப் படங்களில் அப்படி ஒரு ஆளின் நிழல்கூடக் கிடையாது. ‘மெட்ராஸ்’ படத்தில் சுவரும் கட்சியும், ‘வடசென்னை’யில் கேங்கும் ஜெயிலும், ‘சார்பட்டா’வில் பரம்பரை. சங்கம் இருந்த இடத்தில் வேற எதையாவது உட்கார வைத்துக்கொண்டே இருக்கிறோம்.

ரங்கன் வாத்தியாரை எடுத்துக்குங்க. பசுபதி அந்த உடம்புமொழியில் ஒரு கட்சிக்காரரை அப்படியே கொண்டுவந்துவிடுகிறார். கறுப்பு சிவப்பு, மேடைப் பேச்சின் நடை, எமர்ஜென்சியில் கைது, எல்லாம் சரி. ஆனால் தி.மு.க. 1970-லேயே தொ.மு.ச.வைத் தொடங்கிவிட்டது. வடசென்னையில் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் உள்ளே கட்சி நுழைந்த வழிகளில் அது முக்கியமானது. கட்சி ஆட்சியில் இருக்கும்போது அதே கட்சியின் சங்கத்தில் இருக்கிறவன் யார் பக்கம் நிற்பது? எழுபதுகளில் தொழிற்பேட்டைகள் முழுக்கக் கொதித்த கேள்வி இது. ரங்கனிடம் படம் இதைக் கேட்டிருந்தால் அவர் இன்னும் பெரிய பாத்திரமாகியிருப்பார்.

மெக்சிகோவில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. 1936-இல் தொடங்கிய சி.டி.எம். என்ற தொழிலாளர் கூட்டமைப்பு, இரண்டே வருஷத்தில் ஆளும் கட்சியின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. 1948-இல் ரயில்வே சங்கத்தை அரசின் துணையோடு கைப்பற்றினவர், குதிரைவீரர் உடையில் திரிந்ததால் ‘சார்ரோ’ என்று பட்டப்பெயர் எடுத்தவர். அதிலிருந்து அரசுக்கு அடங்கின எல்லாத் தலைவர்களுக்கும் அதுவே பெயர். அங்கே ஒரு கட்சி, அதற்கு ஒரு பெரிய சங்கம். இங்கே கட்சிக்கு ஒரு சங்கம். இதை நம்ம ஆட்கள் ஜனநாயகம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதி உண்மை. ஒரே ஆலையில் நாலு கொடி பறந்தால் யாரோடு பேசுவது என்பதை நிர்வாகமும் அரசும் தீர்மானிக்கும். 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் பதிவுக்கு வழி செய்தது, முதலாளி அங்கீகரித்தே ஆகணும் என்று சொல்லவில்லை.

எமர்ஜென்சியும் படத்தில் கட்சிக்காரர்களுக்கு வந்த கஷ்டமாகவே இருக்கிறது. 1975 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு, குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டினார்கள். திருவொற்றியூர், எண்ணூர் ஆலைக்காரர்கள் வீட்டில் எமர்ஜென்சி என்றால் முதலில் அதுதான். சண்டை பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப்பேர் அந்த ஆலைகளின் ஆட்களாகத்தானே இருந்திருப்பார்கள்?

இரஞ்சித் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமுடியாது. 1921 பி அண்டு சி மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் சேரி எரிந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசின் லேபர் கமிஷனர் ஆதிதிராவிடர் பக்கம் நின்றார் என்று ஜஸ்டிஸ் கட்சிக்காரர்களே கத்தினார்கள். எம்.சி. ராஜா கசந்துபோனார். ‘எல்லாரும் தொழிலாளி’ என்று சொன்ன சங்கம் யாருடைய சங்கமாக இருந்தது என்பது அன்றைக்கே அம்பலமாகிவிட்டது. அந்த மக்களுக்கு அரசு எதிரி என்று ஒரே வரியில் சொல்லமுடியாது, சங்கம் தோழன் என்றும் சொல்லமுடியாது. அந்தக் கசப்பிலிருந்து வருகிற ஒரு இயக்குநர் செங்கொடியைக் கும்பிடணும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் கசப்பு இருந்தால் அதைத் திரைக்குக் கொண்டுவரலாமே. சங்க ஆபீஸில் யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள் என்று ஒரே ஒரு காட்சி. சாதியை மேஜை விரிப்பிலும் குரலின் ஏற்ற இறக்கத்திலும் காட்டத் தெரிந்த இயக்குநருக்கு அது பெரிய வேலையா? அவர் சங்கத்தை விமர்சிக்கவில்லை, அழித்துவிட்டார். இரண்டும் ஒன்று இல்லை.

1997-இல் ஒரு சட்டம் வந்து 1948 சட்டத்தைப் பெரிய துறைமுகங்களிலிருந்து விலக்க வழி செய்தது. போர்டு துறைமுகத்தோடு கரைந்துபோச்சு. 2001-இல் திறந்த எண்ணூர் துறைமுகம் ஆரம்பத்திலிருந்தே கம்பெனி. நேரடி ஊழியர்கள் மிகக் கொஞ்சம், மிச்ச வேலையெல்லாம் ஒப்பந்தக்காரர்கள் கையில். காலையில் கான்ட்ராக்டர் போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற எண்ணூர்ப் பையனும் இந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டினான். கபிலன் மூட்டை தூக்கிய அதே துறைமுகத்தில், கப்பல் வராத நாளுக்கும் கூலி வாங்கின ஆட்கள் இருந்தார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.