சுருக்கம் இரைச்சல் அல்ல

போட்டோவுக்கு இரைச்சல் உண்டா? உண்டு. கல்யாண ரிசப்ஷனில் விளக்கு எட்டாத மூலையில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டின் மேல் யாரோ ரவையைத் தூவினாற்போல் புள்ளிகள். சில சிவப்பு, சில பச்சை. ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காதபோது 'கொர்ர்' என்று கேட்குமே, அதன் கண்ணுக்குத் தெரியும் வடிவம் இது. இன்ஜினீயர்கள் இரண்டுக்கும் 'நாய்ஸ்' என்று ஒரே பெயரை வைத்துவிட்டார்கள்.

இதற்கு எல்லோரும் காமிராவைத் திட்டுகிறார்கள். காமிரா பாதிக் குற்றவாளிதான். மீதி, வெளிச்சத்தின் சுபாவம். ஒளி, குழாய்த் தண்ணீர் போல ஒழுங்காக வருவதில்லை. ஃபோட்டான் ஃபோட்டானாக, தூறல் போல இஷ்டத்துக்கு வருகிறது. மொட்டை மாடியில் ஒரே அளவு டம்ளர்களை வரிசையாக வைத்தால் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழாது. சராசரி 100 துளி என்றால் 10 முன்னே பின்னே இருக்கும். அதாவது 10 சதவிகிதம். கொட்டுகிற மழையில் 10,000 துளி விழுந்தால் வித்தியாசம் 100தான். ஒரு சதவிகிதம். எல்லாம் வர்க்கமூலக் கணக்கு. டம்ளருக்குப் பதில் பிக்ஸல் என்று போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் எடுத்த படம் ஏன் புள்ளியடிக்கிறது என்பது புரிந்துவிடும். ஐஎஸ்ஓவை ஏற்றுவது ரேடியோவின் வால்யூமைத் திருகுவது மாதிரி. பாட்டோடு கொர்ரும் சேர்ந்து உயரும். அவ்வளவே.

இந்தப் புள்ளிகளை எடிட்டிங்கில் துடைக்கும் சாஃப்ட்வேர்கள் அடிப்படையில் செய்வது ஒரே காரியம்: அண்டை வீட்டாரை விசாரிப்பது. 'நீ மட்டும் ஏன் சிவப்பாக இருக்கிறாய்? உன்னைச் சுற்றி எல்லாரும் கறுப்புதானே' என்று ஒவ்வொரு பிக்ஸலையும் கேட்டு, சராசரிக்கு இழுத்து வருவது. வண்ணப் புள்ளிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. நம் கண் நிற விவரங்களில் அத்தனை கறார் இல்லை. கலர் கொஞ்சம் கலைந்தாலும் கண்டுகொள்ளாது. ஆனால் வெளிச்ச-இருட்டுப் புள்ளிகளைச் சராசரி பண்ணும்போது விபரீதம் தொடங்குகிறது. பட்டுப்புடவையின் இழை, தாடியின் மயிர், கோயில் தூணின் உளித்தடம் எல்லாமே சாஃப்ட்வேரின் பார்வையில் சந்தேகத்துக்குரிய புள்ளிகள்தான். லைட்ரூமில் ரா ஃபைலுக்கு, வண்ண இரைச்சலைக் குறைக்கும் பட்டை தானாகவே 25இலும், வெளிச்ச இரைச்சலைக் குறைக்கும் பட்டை பூஜ்யத்திலும் நிற்பது சும்மா இல்லை. 'இரண்டாவதை நீயே யோசித்துத் தொடு' என்று அர்த்தம்.

அடுத்தது ஷார்ப்பனிங். இதில் பலருக்குத் தெரியாத ஒரு ரகசியம்: ஷார்ப்பனிங் எந்தப் படத்தையும் உண்மையில் கூர்மையாக்குவதில்லை. ஆக்குகிற மாதிரி நம் கண்ணை நம்பவைக்கிறது. ஃபோட்டோஷாப்பில் இதற்கான கருவியின் பெயரே வேடிக்கை: 'அன்ஷார்ப் மாஸ்க்'. கூர்மையாக்குவதற்குக் 'கூரற்ற முகமூடி'! பெயர் டார்க்ரூம் காலத்தது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பாஸிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரின்ட் போடுவார்கள். மங்கலான பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, ஓரங்கள் மட்டும் தூக்கலாக நிற்கும். கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. அசலிலிருந்து மங்கலைக் கழித்தால் மிச்சம் ஓரம். அதை அசலோடு கூட்டு. ஓரத்தின் ஒரு பக்கம் வெளுக்கும், மறுபக்கம் கறுக்கும். நம் விழித்திரையும் இந்த ஓரத்தைத் தூக்கிக் காட்டும் வேலையைத் தானாகச் செய்வதால் (எர்னஸ்ட் மாக் 1865லேயே சொல்லிவிட்டார்) ஏமாற்று எடுபடுகிறது. அளவு மீறினால் மலை, மரம், மாமா எல்லோருக்கும் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும். நம் ஊர்க் காலண்டர் தெய்வங்களுக்குச் சரி, மாமாவுக்கு வேண்டாம்.

ஆக, ஒன்று துடைக்கிறது, மற்றது தூக்குகிறது. இரண்டும் சக்களத்திகள். ஷார்ப்பனிங்குக்கு ஓரம் எது, புள்ளி எது என்று தெரியாது. இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிக் காட்டும். அதனால்தான் முதலில் துடை, பிறகு கூராக்கு என்ற வரிசை. புரூஸ் ஃப்ரேஸர் என்பவர் (2006ல் காலமானார்) ஷார்ப்பனிங்கை மூன்று தவணையாகப் பிரித்தார். காமிரா மழுக்கியதை மீட்க லேசாக ஒரு முறை, கண் போன்ற முக்கிய இடங்களுக்கு மட்டும் ஒரு முறை, கடைசியில் பிரின்ட்டா, திரையா என்பதற்கேற்ப ஒரு முறை. இன்றைக்கும் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் நடைமுறையில் பார்ப்பது என்ன? எல்லாப் பட்டைகளையும் வலது கோடிக்கு இழுப்பது. முதலில் முகத்தை மெழுகாக்கி, பிறகு அந்த மெழுகுக்குக் கூர் வைப்பது.

என் சித்தப்பாவின் எண்பதாம் கல்யாண ஆல்பம் வந்தது. சித்திக்கு எழுபத்தைந்து. ஆல்பத்தில் முப்பது. நெற்றியில் ஒரு கோடு கிடையாது. கன்னத்தில் சின்ன வயசிலிருந்து இருந்த அம்மைத் தழும்பும் காலி. ஸ்டுடியோ பையனைக் கேட்டால், "ஸ்கின் க்ளீன் பண்ணி ஷார்ப் கொடுத்திருக்கோம் சார். எல்லாரும் இதான் கேக்கறாங்க" என்றான் பெருமையாக. சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கா. யாருடா இவ?" என்றாள்.

அந்தக் கேள்விதான் விஷயமே. பழைய கருவிகள் தகவலை அழித்தன. புதியவை ஒரு படி மேலே போய், இல்லாத தகவலை எழுதுகின்றன. 2023ல் லைட்ரூமில் செயற்கை அறிவு 'டீநாய்ஸ்' வந்தது. அந்தி வெளிச்சத்தில் பறவை எடுப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் அது லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகி, 'இந்த இடத்தில் இறகு இப்படித்தான் இருக்கும்' என்று ஊகிக்கும் ஜாதி. ஊகம் எதுவரை போகும் என்பதற்கு அதே 2023ல் ஒரு சோதனை. நிலாப் படம் ஒன்றைச் சின்னதாக்கி, விவரமே இல்லாமல் கலங்கடித்து, கம்ப்யூட்டர் திரையில் காட்டி, எதிரே நின்று சாம்சங் போனில் எடுத்தார் ஒருவர். போன் கொடுத்த நிலாவில் பள்ளங்கள்! திரையில் இல்லாத பள்ளங்கள். நிலாவை அடையாளம் கண்டு விவரத்தைக் கூட்டுகிறோம் என்று கம்பெனியும் விளக்கம் சொன்னது. நிலாவாவது எப்போதும் ஒரே முகத்தைக் காட்டும், போகட்டும். 2020ல் டியூக் பல்கலைக்கழகத்தின் 'பல்ஸ்' என்ற புரோகிராமிடம் ஒபாமாவின் கட்டம் கட்டமான படத்தைக் கொடுத்தபோது, அது தெளிவாக்கித் தந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தை. 2024ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு கொலை வழக்கில், செயற்கை அறிவால் மெருகேற்றிய வீடியோவைச் சாட்சியமாக ஏற்க நீதிபதி மறுத்துவிட்டார். சரியான தீர்ப்பு. ஊகத்தைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே!

அப்படியானால் மங்கலைத் தெளிவாக்குவதே பாவமா? இல்லை. 1990ல் ஹப்பிள் தொலைநோக்கி மேலே போனபோது அதன் கண்ணாடியின் ஓரம் சுமார் 2 மைக்ரான் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. நட்சத்திரங்கள் கலங்கித் தெரிந்தன. 1993 டிசம்பரில் ஆள் போய் ரிப்பேர் செய்யும்வரை விஞ்ஞானிகள் கணக்குப் போட்டே படங்களைத் தெளிவாக்கினார்கள். ஒரு புள்ளி எப்படிக் கலங்குகிறது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தக் கலங்கலைப் பின்னோக்கி அவிழ்த்தார்கள். இல்லாத நட்சத்திரத்தை வரையவில்லை. மீட்பதற்கும் புனைவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படத்தை 100 சதவிகிதத்தில் வைத்து வேலை செய்யுங்கள். சின்னதாக வைத்துப் பார்த்தால் கை நீளும். வண்ண இரைச்சலைத் தாராளமாகத் துடையுங்கள், மற்றதைப் பாதியில் நிறுத்துங்கள். லைட்ரூமில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 'மாஸ்கிங்' பட்டையை நகர்த்தினால், எங்கெல்லாம் கூர் ஏறுகிறது என்று வெள்ளையாகக் காட்டும். கன்னமும் வானமும் கறுப்பாகும்வரை நகர்த்துங்கள். போன் ஜேபெக்குகளை, போனே ஏற்கெனவே துடைத்துக் கூராக்கித்தான் தருகிறது. அதன் மேல் இன்னொரு கோட்டிங் தேவையில்லை. முக்கியமாக, அசல் ஃபைலை அழிக்காதீர்கள். தாத்தாவின் பழுப்பேறிய போட்டோவை செயற்கை அறிவிடம் கொடுத்துப் பளபளப்பாக்கினாலும், பழுப்பையும் பத்திரமாக வையுங்கள். பேரன் தன் மூக்கு யாருடையது என்று தேடும்போது, கம்ப்யூட்டர் சராசரியாக ஊகித்த மூக்கில் விடை கிடைக்காது.

கொஞ்சம் புள்ளி இருந்தால் என்ன? அன்றைக்கு அங்கே வெளிச்சம் குறைவாக இருந்தது என்பதும் ஒரு தகவல்தான்.