அம்புக்குறிக்கு அலுப்பு கிடையாது

இந்தியாவைப் பற்றிய ஆங்கில வழிகாட்டிப் புத்தகம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அந்த சைஸில் இருக்கும். ஆரம்பப் பக்கங்களிலேயே ஒரு வரைபடம் போட்டிருப்பார்கள். டெல்லியில் ஒரு புள்ளி. அங்கிருந்து ஆக்ராவுக்கு ஓர் அம்புக்குறி. ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர், ஜெய்ப்பூரிலிருந்து ஜெய்சல்மேர், சுற்றி வந்து மறுபடி டெல்லி, மேலே ரிஷிகேஷ், அப்படியே இறங்கிக் காசி. தலைப்பில் 'இரண்டு வாரம்' என்று இருக்கும்.

இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். மீதி ஆயிரத்துச் சொச்சம் பக்கங்களோடு எனக்குத் தகராறு இல்லை. சொல்லப்போனால் மரியாதையே உண்டு. எந்த ஊரில் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் தங்கும் விடுதிகள் இருக்கின்றன, ஆட்டோக்காரர் எந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார், தாஜ்மகாலுக்கு எந்தக் கிழமை விடுமுறை (வெள்ளி) என்பதெல்லாம் நடந்து பார்த்தவர்கள் எழுதியது. தெருத் தெருவாக அலைந்த செருப்பு தெரியும் அந்த எழுத்தில்.

திட்டப் பக்கம் மட்டும் வேறு யாரோ எழுதியது போல இருக்கும். ஒரு நாவலாசிரியர் எழுதியது போல.

நான் பி.காம். படித்தவன். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்க்காமல் எனக்கு எதுவும் புரியாது. அந்தப் பக்கத்தை அப்படி எழுதிப் பார்ப்போம். வரவு: ஆறு ஊர். செலவு? அந்தப் பத்தி காலியாக இருக்கிறது.

நாமே நிரப்பலாம். டெல்லி-ஆக்ரா வேகமான ரயிலில் 2 மணி நேரத்துக்குள். ஆக்ரா-ஜெய்ப்பூர் சுமார் 240 கிலோமீட்டர், சாலையில் நாலரை மணி. ஜெய்ப்பூர்-ஜெய்சல்மேர் ஓர் இரவு முழுக்க, 11, 12 மணி நேரம். ஜெய்சல்மேரிலிருந்து டெல்லிக்குத் திரும்ப 17, 18 மணி. டெல்லி-ரிஷிகேஷ் பஸ்ஸில் 6 மணி. ஹரித்வார் வந்து காசிக்கு ரயில் பிடித்தால் ஓர் இரவும் அதற்கு மேலும். கூட்டிப் பாருங்கள். எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்தால்கூட, வண்டிக்குள் மட்டும் சுமார் 60 மணி நேரம்.

இது மாறும் செலவு. தூரம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். இன்னொன்று இருக்கிறது, நிலையான செலவு. பக்கத்து ஊராக இருந்தாலும், ஊர் மாறினால் அழுதே ஆக வேண்டியது. துணியை மடித்துப் பையில் திணிக்க வேண்டும். ரூமைக் காலி பண்ண வேண்டும். ஆட்டோ பேரம். ஒரு மணி நேரம் முன்னதாக ஸ்டேஷன். இறங்கின ஊரில் மறுபடி ஆட்டோ பேரம். ரூம் பார்ப்பது, வெந்நீர் வருகிறதா என்று குழாயைத் திருப்புவது, குளிப்பது, சாப்பிட இடம் தேடுவது. என் கணக்கில் ஒரு மாற்றத்துக்கு 4 மணி நேரம். ஆறு மாற்றத்துக்கு 24 மணி, அதாவது முழுசாக ஒரு நாள். இதை எந்த அம்புக்குறியிலும் போடமாட்டார்கள். அம்புக்குறி பல் தேய்க்காது, டீ கேட்காது, முதுகு வலிக்கிறது என்று சொல்லாது.

'ராத்திரி ரயிலில் போய்விட்டால் நேரமும் மிச்சம், லாட்ஜ் வாடகையும் மிச்சம்' என்று உடனே யாராவது சொல்வார்கள். முதுகில் பை மாட்டியவர்களின் வேதவாக்கு இது. ஒரு தடவைக்கு உண்மைதான். இரண்டாவது ராத்திரியும் ரயில் என்றால் அது கடன். மூன்றாவதுக்கு வட்டி கட்டவேண்டி வரும், பட்டப்பகலில் ஏதாவது கோட்டை மதில் மேல் சாய்ந்து தூங்கி. தவிர, காலை ஐந்தரைக்கு ஊரில் இறங்குகிறீர்கள். லாட்ஜில் ரூம் பன்னிரண்டு மணிக்குத்தான் என்பார்கள். நடுவில் இருக்கும் ஆறரை மணி நேரத்துக்கு, அழுக்குச் சட்டையும் முதுகுப் பையுமாக எங்கே போவீர்கள்? திட்டப் பக்கத்தில் அந்த நேரத்துக்கு 'சூரிய உதயம் காணலாம்' என்று எழுதியிருக்கும்!

இன்னொரு குறை. இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது. இந்தப் புத்தகங்களில் தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு என்று ஒரு பகுதி உண்டு. தெரியாத ஊரில் நள்ளிரவில் போய் இறங்காதீர்கள் என்று பொறுப்பாக எழுதியிருப்பார்கள். ஆனால் திட்டப் பக்கத்தில் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்று ஒரு வார்த்தை இருக்காது. அதிகாலை மூன்று மணிக்கு இறங்குகிற வண்டிக்கும் மாலை மூன்று மணிக்கு இறங்குகிற வண்டிக்கும் வரைபடத்தில் ஒரே அம்புதான். தனியாகப் போகிற பெண்ணுக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம்தான் முதல் கேள்வி. ஒரே புத்தகத்துக்குள் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைப் படிப்பதே இல்லை.

இது எப்படி வந்தது என்று யோசித்தால் ஒரு சின்ன சரித்திரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் முர்ரே என்ற பதிப்பகத்தார் இந்தியாவுக்கு ஒரு கையேடு போட்டார்கள். மார்க்கம் மார்க்கமாக, ஸ்டேஷன் ஸ்டேஷனாக, இத்தனையாவது மைலில் இந்த ஊர் என்று எழுதிக்கொண்டு போவார்கள். படிக்கக் கொஞ்சம் வறட்சி. ஆனால் தூரம் எப்போதும் கண் முன்னால் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஊர் பார்த்தவர்கள் கப்பலில் பம்பாய் வந்து இறங்கி, குளிர்காலம் முழுக்கச் சுற்றிவிட்டு, வெயில் வருவதற்குள் கப்பல் ஏறியவர்கள். அவர்களிடம் மாதக்கணக்கில் நேரம் இருந்தது. பணமும் இருந்தது.

அடுத்து வந்தவர்கள் 1970களில் ஐரோப்பாவிலிருந்து தரை வழியாக வந்த ஜோல்னாப் பை இளைஞர்கள். டோனி வீலரும் மவ்ரீன் வீலரும் அப்படி லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போய்விட்டு, 1973-ல் ஆசியாவை மலிவாகக் கடப்பது பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். லோன்லி பிளானட் பிறந்தது அப்படித்தான். இந்தியாவுக்கான அவர்களுடைய தடிப் புத்தகம் 1981-ல் வந்தது. இந்தப் பையன்களிடம் பணம் இல்லை. நேரம் மட்டும் கொள்ளை கொள்ளையாக இருந்தது. பஸ் இன்றைக்கு இல்லையா, நாளைக்குப் போகலாம். ஏ.சி. வேண்டாம், ஸ்லீப்பரில் போகலாம். நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சம் பிடிப்பது. பேக்பேக்கிங் என்கிற வியாபாரத்தின் மொத்த சூத்திரமும் இவ்வளவுதான்.

இப்போது அதே பையை யார் மாட்டிக்கொள்கிறார்கள்? நீங்கள். ஐ.டி. கம்பெனியிலோ வங்கியிலோ வேலை. பணம் ரொம்ப இல்லை. லீவு அதைவிட இல்லை. ஐந்து நாள் லீவு வாங்க மேனேஜரிடம் மூன்று மாதமாக நல்ல பிள்ளையாக நடந்துகொண்டிருக்கிறீர்கள். கொடுத்து வாங்க உங்களிடம் நேரமே இல்லையே, சார்! காசு இருக்கிறவன் விமானத்தில் பறந்து ஆறு ஊர் பார்ப்பான். நேரம் இருக்கிறவன் ஆறு வாரம் சுற்றி ஆறு ஊர் பார்ப்பான். இரண்டும் இல்லாதவன் வெட்டக்கூடிய ஒரே ஐட்டம் ஊர்களின் எண்ணிக்கைதான். திட்டப் பக்கம் இந்த ஒன்றைத்தான் உங்களிடம் சொல்ல மறுக்கிறது. அன்றைய இளைஞனின் வழித்தடத்தை அப்படியே எடுத்து, மாதங்களை மட்டும் உருவிவிட்டு, உங்கள் கையில் கொடுக்கிறது. இன்றைக்குக் கைப்பேசியிடம் கேட்டாலும் அரை நிமிடத்தில் இதே சுற்றைத்தான் அழகாக வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. வியாதி புத்தகத்திலிருந்து போனுக்குத் தொற்றிக்கொண்டிருக்கிறது.

பழியை முழுக்கப் புத்தகத்தின் மேல் போடவும் முடியாது. நம் பங்கும் இருக்கிறது. 'வந்ததே வந்தோம், அதையும் பாத்துட்டுப் போயிடலாம்.' தமிழன் ஊர் பார்க்கக் கிளம்பினால் இரண்டாவது நாள் யாராவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இவ்வளவு தூரம் செலவு பண்ணி வந்தாயிற்று, இன்னும் 200 கிலோமீட்டர்தானே? காமர்ஸ் வகுப்பில் இதற்கு 'மூழ்கிய செலவு' என்று பெயர். போன காசு போனதுதான்; அடுத்த முடிவுக்கு அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சேர்க்க வேண்டியது இங்கே இருந்து அந்த 200 கிலோமீட்டர் போய்வர எத்தனை மணி நேரம், அதற்காக இந்த ஊரில் எதை விடுகிறோம் என்பதை மட்டும்.

நண்பர் ஒருவர் எக்ஸெல்லில் கலர் கலராகத் திட்டம் போட்டு 11 நாளில் 9 ஊர் பார்த்துவிட்டு வந்தார். எது சார் ரொம்பப் பிடித்தது என்றேன். யோசித்தார். இடார்சி ஸ்டேஷனில் குடித்த டீ என்றார். கேலியாக அவர் சொல்லவில்லை. அந்தப் பதினோரு நாளில் அவர் அவசரமில்லாமல் உட்கார்ந்த இடம் அதுதான், வண்டி அங்கே நின்றுகொண்டிருந்ததால்.

தமிழில் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' இருக்கிறது. இரண்டு எழுத்தாளர்கள், ஒரே ஓர் ஆறு. அதற்கே ஒரு முழுப் புத்தகம் தேவைப்பட்டது. நம் திட்டப் பக்கத்தில் கங்கைக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

குறை சொல்வது சுலபம், நீ போட்டுக் காட்டு என்பீர்கள். போடுகிறேன். ஐந்து நாள் லீவு, இரண்டு பக்கமும் சனி ஞாயிறு, ஆக 9 நாள். சென்னையிலிருந்து புறப்பாடு.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து, இரவு பத்து மணி சுமாருக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். சுமார் 2,180 கிலோமீட்டர், 33 மணி நேரம். சனிக்கிழமை முழுக்க ரயில். அதை நஷ்டமாக எழுத வேண்டாம்; வாரம் பூரா உழைத்த உடம்புக்கு மேல் பர்த்தில் ஒரு நாள் படுக்கை நல்லதுதான். கோதாவரியும் கிருஷ்ணாவும் ஜன்னலில் வரும். ஞாயிறு காலை டெல்லி. செங்கோட்டையை ஞாயிறன்றே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் திங்கள் அதற்கு விடுமுறை. தேசிய அருங்காட்சியகமும் அப்படியே. திங்களுக்கு ஹுமாயூன் சமாதியும் குதுப் மினாரும். இரண்டு இரவு டெல்லி.

செவ்வாய் காலை ஆக்ரா. அன்றைக்குக் கோட்டை, கடைத்தெரு. ஓர் இரவு தங்கி, புதன் விடியும்போது தாஜ்மகால். டெல்லியிலிருந்து காலையில் போய் இரவு திரும்புகிறவர்கள் வந்து சேர்வதற்குள் நீங்கள் பார்த்து முடித்திருப்பீர்கள். புதன் இரவு காசிக்கு ரயில். ஆக்ராவிலேயே ஏறலாம், அல்லது 25 கிலோமீட்டர் சுமாருக்குத் தள்ளி இருக்கும் துண்ட்லா ஜங்ஷனில். டெல்லி-ஹவுரா பிரதான பாதை அந்த வழியாகத்தான் போகிறது, ஆகவே அங்கே வண்டிகள் அதிகம். ஊர் பார்க்கும்போது செய்கிற ஒரே ராத்திரி ரயில் இதுதான்.

வியாழன் முதல் ஞாயிறு வரை காசி. மூன்று இரவு. மூன்றா என்று வாயைப் பிளக்காதீர்கள். 84 படித்துறைகள் இருக்கின்றன. ஒரு விடியற்காலை படகு. 10 கிலோமீட்டரில் சாரநாத், அதற்கு அரை நாள். பாரதி பையனாக வந்து தங்கியிருந்த அனுமன் காட் பக்கத்துச் சந்துகள். நகரத்தார் சத்திரத்திலிருந்து விஸ்வநாதருக்குப் பூஜைச் சாமான்கள் புறப்படுகிற நேரத்தில் வீதியில் நின்று பாருங்கள். சனிக்கிழமைக்கு நான் எதுவும் எழுதவில்லை. அது ரிசர்வ் ஃபண்ட். புதன் இரவு ரயில் ஏழு மணி நேரம் லேட்டாக வந்தாலோ, உங்களுக்கு வயிறு சரியில்லாமல் போனாலோ, இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் நடக்கவில்லையா, படித்துறையில் சும்மா உட்காருங்கள். ஞாயிறு விமானத்தில் திரும்புங்கள். திரும்பவும் ரயில் என்றால் இரண்டு இரவு போய்விடும், ஆகவே இந்த ஒரு செலவைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காகத்தானே இத்தனை ஊரை வெட்டினோம்!

ஆக மூன்று ஊர். ஜெய்சல்மேர் ஆசை இருந்தால் அது தனிப் பயணம்: ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் மூன்றும் மேற்கே ஒரே வழியில் வருகின்றன, அடுத்த வருஷ லீவுக்கு. ரிஷிகேஷும் மணாலியும் வேறு பருவம், வேறு சட்டை.

மாதம்? டிசம்பர் கடைசியும் ஜனவரியும் வேண்டாம். ஸ்வெட்டர் போட்டால் குளிரைச் சமாளிக்கலாம், பனிமூட்டத்தில் நிற்கும் ரயிலை எதைப் போட்டும் நகர்த்த முடியாது. அந்த மாதங்களில் வடக்கே வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். மூடுபனியில் தாஜ்மகாலே கண்ணுக்குத் தெரியாத காலைகள் உண்டு. பிப்ரவரி, மார்ச் நல்லது. நவம்பரில் போவதாக இருந்தால் தீபாவளிக் கூட்டத்தையும், கார்த்திகைப் பௌர்ணமிக்குக் காசியில் ரூம் கிடைக்காததையும் பார்த்துக்கொண்டு தேதி வையுங்கள்.

முன்பதிவு முன்பு போல 120 நாள் இல்லை. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பயண நாளைச் சேர்க்காமல் பின்னோக்கி எண்ணி, அன்றைக்குக் காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். சென்னை-டெல்லி டிக்கெட்டுக்கு ஒரு நாள். ஆக்ரா-காசி டிக்கெட்டுக்கு அதிலிருந்து ஐந்து நாள் கழித்து இன்னொரு நாள். இரண்டையும் காலண்டரில் குறித்துவிட்டு, அப்புறம் மேனேஜரிடம் போங்கள்.